ஒளிச்ச சூரியனும் சிரிக்காத பாண்டும்

சபைக்கு முதுகைக் காட்டினா மற்ற இடத்தில மரியாதை கெட்டவன். குழல் வாத்தியங்கள் ஊதிற கொன்சேர்ட் பாண்ட் நடத்துறவன் முதுகைக் காட்டாட்டி வேலை தெரியாதவன். முப்பது பேரை ஒரே நேரத்தில மூச்செடுக்க வைச்சுப் பாத்த ஆக்களே, என்ர பாடு உங்களுக்கு விளங்கும். சனிக்கிழமைகளில இந்தக் குளிர் நாட்டில, வோபர்ன் எண்ட இடத்தில ஒரு மண்டபத்தில எங்கட தமிழ் ஆக்களைச் சேர்த்து வைச்சு மல்லுக்கட்டுறன்.

செத்தவீட்டு ஓடர்

ரேடியோவில ஒருக்கா விளம்பரம் குடுத்தம். அடுத்த நாளே ஒரு அங்கிள் போன் எடுத்தார். தமையனார் மோசம் போயிட்டாராம், புதன்கிழமை பாண்டோட வரேலுமோ எண்டு கேட்டார். நாங்கள் மேடையில இருந்து வாசிக்கிற ஆக்கள், செத்தவீட்டுக்குப் போறதில்லை எண்டு மெள்ளமாச் சொன்னன். மனுசன் விடேல்லை.

"அப்ப ஆர் செத்தா தம்பி வருவியள்?"

முன்வரிசைச் சம்பந்தி

இந்த முறைக் கச்சேரிக்கு ஒரு யப்பான்காரர் பாண்டுக்கெண்டே எழுதின இசையை எடுத்தன். அவையின்ர புராணக் கதை. சூரியதேவி தம்பியின்ர அட்டகாசம் தாங்காமல் குகைக்குள்ள போய் ஒளிச்சிட்டா. உலகம் இருண்டு போச்சு. மற்றத் தெய்வங்கள் வாசலில கூடிச் சிரிச்சுக் கும்மாளம் அடிச்சு, "உன்னிலும் பெரிய தேவி இஞ்ச வந்திட்டா" எண்டு சொல்ல, ஆரடா அது எண்டு எட்டிப் பாக்க வெளிய வாறா. அவ வாறதுக்கு முதல், பாண்டில இருக்கிற எல்லாரும் ஊதிறதை நிப்பாட்டிப் போட்டு வாய்விட்டுச் சிரிக்கவேணும் எண்டு நோட்ஸில கிடக்கு.

ஒத்திகையில ஒருத்தரும் சிரிக்கேல்லை. உம்மெண்டு என்னைப் பாத்தபடி இருந்தினம். ரியூபா எண்ட பெரிய குழலை ஊதிற ராசன் அண்ணை வாத்தியத்தை மடியில இறக்கினார்.

"கச்சேரியண்டு என்ர சம்பந்தி முன்வரிசையில இருக்கேக்க நான் எப்பிடித் தம்பி பல்லைக் காட்டுறது?"

கீச்

தேவி வெளிய வாற இடத்தில அவவுக்காகக் கிளாரினெற்றில தனிய வாசிக்கவேண்டியவ மலர் அக்கா. ஐம்பது வயதுக்குப் பிறகு பழகி, எங்களுக்குள்ள ஆகத் திறமா வாசிக்கிறவ. ஆனால் போன கச்சேரியில உச்சத்தில வாத்தியம் "கீச்" எண்டு கத்திப் போட்டுது. அவவின்ர மச்சாள் அதைப் பெருமையா வீடியோ எடுத்துக் குடும்ப வட்ஸ்அப்பில போட, லண்டன் தொட்டு சிட்னி வரைக்கும் சிரிப்பு. அதோட மலர் அக்கா வாறதை நிப்பாட்டிப் போட்டா.

அவ இல்லாட்டி இந்த இசையே இல்லை. அவ இருக்கிற அஜக்ஸுக்குப் போய் வாசலில நிண்டு, தேவியின்ர கதையையும் சொல்லிக் கெஞ்சினன். கதவை அரைவாசிதான் திறந்தா.

"உலகம் இருண்டா லைற்றைப் போடுங்கோ மாஸ்ரர். நான் வரமாட்டன்."

பிழையான குறூப்

வேறை வழியில்லாமல் அந்தத் தனி வாசிப்பைச் சாக்ஸபோன் குகனிட்டைக் குடுத்தன். குகன் பல் டொக்டர், தங்கமான பெடியன், வாசிப்பைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. வீட்டில வாசிச்சு ரெக்கோட் பண்ணினவன், எனக்கு அனுப்புறன் எண்டு பாண்டின்ர வட்ஸ்அப் குறூப்பில போட்டுவிட்டான். மலர் அக்கா பாண்டை விட்டாலும் குறூப்பை விடேல்லை. எங்கட சனம் எதை விட்டாலும் குறூப்பை விடாது. பத்து நிமிசத்தில அவவின்ர குரல் பதிவு வந்துது.

"குகன், உது தேவி வாற மாதிரி இல்லை, பல்லுப் புடுங்கிற மாதிரிக் கிடக்கு. வையும் அதை, சனிக்கிழமை நான் வாறன்."

முதல் சிரிப்பு

கச்சேரியண்டு சிரிக்கிற இடம் வந்துது. கையை உயர்த்தினன். ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில சம்பந்தி, ராசன் அண்ணை ரியூபாவுக்குப் பின்னால ஒளிச்சிட்டார். அப்ப, தேவி எண்டபடியால் குகைக்குள்ள பேசாமல் இருக்கவேண்டிய மலர் அக்கா குகனைத் திரும்பிப் பாத்திட்டுக் களுக்கெண்டு சிரிச்சா. பிறகு அடக்கேலாமல் பெரிசாச் சிரிச்சா. குகன் சிரிச்சான், ராசன் அண்ணையின்ர வயிறு குலுங்கிச்சுது, கடைசியில சபை முழுக்கச் சிரிச்சுது.

சிரிப்பு அடங்க அவ எடுத்து வாசிச்சா பாருங்கோ! கீச்சும் இல்லை, ஒண்டும் இல்லை. எனக்குக் கண் கலங்கிப் போச்சு. நல்லகாலம், சபைக்கு என்ர முதுகுதான் தெரிஞ்சுது. முடிய, சம்பந்தி மேடைக்கு ஏறி வந்து என்ர கையைப் பிடிச்சார்.

"தம்பி, மற்றது ஒண்டும் விளங்கேல்லை. அந்தச் சிரிப்பை மட்டும் இன்னொருக்கா வாசிப்பியளோ?"

இத்தனை வருசம் கோலை ஆட்டி நான் படிச்சது இவ்வளவுதான்: எங்கட ஆக்களைக் குகைக்கு வெளிய கொண்டுவரக் கெஞ்சத் தேவையில்லை, அவையின்ர கதிரையில வேறை ஆளை இருத்தினாக் காணும்.