கதவு, நிலவு, ஜன்னல் சகிதம்

சிங்காநல்லூரில் நாங்கள் வாங்கவிருந்த பழைய வீட்டின் கிரயப் பத்திர நகலில் 'கதவு, நிலவு, ஜன்னல் சகிதம்' என்று இருந்தது. நிலவையுமா விற்கிறார்கள் என்று சிரித்துவிட்டேன். நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரி. இங்கே வாசல் நிலைக்கு நிலவு என்று பெயராம். கோவைக்காரரான என் கணவர் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். எதுவரைக்கும் வீடு, எது வெறும் சாமான்? விற்பவர் மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டு கொக்கிகளை விட்டுவைத்தார். ஆட்டுக்கல் தரையில் பதித்தது, அதனால் எங்களுக்கு. குழவி அவர் மனைவிக்கு. குழவியில்லாத ஆட்டுக்கல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பதிவுக்கு முந்தைய நாள் விற்பவரின் மனைவியான அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏனுங்க அம்மிணி, வாசல் நிலவ நான் எடுத்துக்கட்டுங்களா?"

"செவுத்துல பதிச்சது ஊட்டோட சேர்ந்ததுங்க" என்றார் என் கணவர். அந்த அம்மாவின் கணவரோ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யன் தோட்டத்து வேம்புங்க அது. பூமியெல்லாம் பொறந்தவனுகளுக்கு எழுதிப்போட்டாரு. எனக்குன்னு குடுத்தது அந்த ஒத்த மரந்தானுங்க. இந்த ஊடு கட்டறப்ப அறுத்து நிலவு வெச்சாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அசையாத நிலம் ஆண்பிள்ளைகளுக்கு. பெண்ணுக்கு வெட்டி எடுத்துப்போகிற மரம். அதையும் கணவன் பெயரிலிருக்கும் வீட்டுச் சுவரில் பதித்து அசையாததாக்கியாயிற்று. இப்போது அவர் விற்கிறார், நாங்கள் வாங்குகிறோம். கேட்பதற்குக்கூட அந்த அம்மா தயங்கவேண்டியிருக்கிறது. கோபம் கோபமாக வந்தது. பத்திரத்தில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிடச் சொன்னேன்.

கொத்தனார் நிலவைப் பெயர்த்ததில் வாசல் சுவரில் பாதி கூடவே வந்துவிட்டது. புது நிலவு வரும்வரை தகரத்தை வைத்து மறைத்தோம். என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தார். அடுக்குமாடியில் மகனோடு இருக்கப்போகிற அந்த அம்மா இதை எங்கே பதிப்பார் என்று எனக்கும் புரியவில்லை.

பால் காய்ச்சும் நாளில் அந்த அம்மா வந்தார். கையில் குழவி! "கல்லு இல்லாம இத வெச்சு நான் என்ன பண்றதுங்க" என்று கொடுத்தார்.

நிலவை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கயும் வெக்கலீங்க அம்மிணி. அறுத்து ஒரு பெஞ்சு செஞ்சுபோட்டேன். இனி யாரு எந்த ஊட்ட வித்தாலும் அது என்ற கூடவே வருமுங்க."