மூங்கிலை உரசிய புகைக்குழாய்

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தொண்ணூறுகளில் என் கணவர் துபாயில் வேலை பார்த்தார். ஒரு விடுமுறையில் வந்தவர், நானும் மாமியாரும் விறகுப் புகையில் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டு, புகைக்குழாய் வைத்த அடுப்பைத் தாமே கட்டினார். தகரக் குழாய் ஓட்டுக்கூரையைத் தாண்டி வெளியே போனது. அது மூங்கில் சட்டத்தை உரசியதை யாரும் கவனிக்கவில்லை.

அவர் திரும்பிப் போனபின் ஒரு காலையில், மாமி அடுப்படியில் உட்கார்ந்து மகனுக்காகக் கேசட்டில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது எங்களுக்குக் கடிதத்தைவிடக் கேசட்தான் நெருக்கம்.

"தம்பி, நீ கட்டுன அடுப்பு நல்லா எரியுதுப்பா. கண்ணெரிச்சலே இல்ல," என்றவர் மேலே பார்த்தார். "ஏம்மா, அங்க என்ன புகையுது?"

குழாயை ஒட்டிய மூங்கில் கங்காகக் கனிந்திருந்தது. நான் விறகை வெளியே இழுத்துப் போட்டேன். மாமி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ஏறி நின்று குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். முகத்தில் வழிந்த கரித்தண்ணீரைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. "அழிச்சிடவா மாமி?" என்றேன்.

"இருக்கட்டும்மா. அவனும் கேக்கட்டும்."

கேசட் அப்படியே துபாய்க்குப் போனது. அவர் வரும்வரை கொல்லையில் கல் கூட்டிச் சமைத்தோம். வந்தவர் பெட்டியைக்கூடத் திறக்காமல் அடுப்படிக்குப் போனார். சட்டத்தை அறுத்து, குழாயைச் சுற்றி ஒரு முழம் இடைவெளி விட்டு, தகரத்தால் அடைத்தார்.

மாமி இப்போது இல்லை. பெருநாள் சோற்றை இன்றும் அந்த அடுப்பில்தான் ஆக்குகிறேன். விறகு பற்றியதும் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்த பிறகே உலை வைக்கிறேன்.