ரோமாபுரியில் வெறுங்கால்

பங்குக் கோயில் கட்டட நிதிக்காக நடந்த சீட்டுக் குலுக்கலில் முதல் பரிசு அமலிக்கு விழுந்தது. ஜூபிலி ஆண்டில் ரோமுக்குப் போகும் யாத்திரைக் கூட்டத்தில் ஓர் இடம். அந்தச் சீட்டை அவள் ஆசைப்பட்டு வாங்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தவள் கையில் கமிட்டிக்காரர்கள் திணித்தது.

ரங்கூனின் பபேடான் பேட்டையில் சமைத்து, கேரியர்களில் அடுக்கி, ஷ்வேடகோன் பகோடாப் படிக்கட்டுக் கடைக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அவள் தொழில். சோத்துக்காரிக்குப் போய் ரோமா என்று நாலு தெருவில் பேச்சு ஓடியது. கமிட்டிச் செயலாளர் ஜெரால்ட் வீட்டுக்கே வந்து, இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தால் கமிட்டியிலிருந்து நல்ல கேஸ் அடுப்பு வாங்கித் தருவார்கள் என்று பதமாகச் சொன்னார். அடுப்பு என்னிடம் இருக்கிறது, ரோம்தான் இல்லை என்று சொல்லிவிட்டு அமலி அரிசி களையப் போய்விட்டாள்.

கூட்டத்தில் எல்லாரும் பயணத்துக்கென்று புது ஷூ வாங்கினார்கள். அமலிக்கு அவள் அக்கா ஜெசி, வெல்வெட் வார் வைத்த மாண்டலே ஊர்ச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். சிவப்பு நிறம். அதைப் போட்டுக்கொண்டு, மாம்பழ நிறத் தமேன் லுங்கி கட்டிக்கொண்டு, அமலி விமானம் ஏறினாள்.

ரோமில் ஊர் சுற்றிப் பார்க்க ஒரே நாள்தான். மறுநாள் காலையில் வேறு ஊர். அந்த ஒரு நாளும் மாதா விண்ணேற்புத் திருநாளாக அமைந்தது. விடிந்ததும் சந்துக்குள் இருந்த சின்னக் கோயில் ஒன்றில் பூசை. மற்றவர்கள் ஷூ காலோடு உள்ளே போக, அமலி வாசற்படியில் செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். சாமி இருக்கும் இடத்தில் செருப்போடு நுழைய அவளுக்குத் தெரியாது. வீட்டுப் பீடமானாலும் சரி, காளி கோயிலானாலும் சரி, பகோடாவானாலும் சரி. ரங்கூனில் அப்படி வைத்த செருப்பு வைத்த இடத்தில் இருக்கும்.

இங்கே இல்லை. தெருக் கூட்டுகிறவர் குப்பை என்று அள்ளினாரோ, யாருக்காவது சிவப்பு வெல்வெட் பிடித்துப்போனதோ, படி துடைத்தாற்போல் இருந்தது. திருநாள் என்பதால் கடைகள் அடைத்துக் கிடந்தன. விடுதி ஊருக்கு வெளியே. மற்றவர்களிடம் உபரியாக இருந்த செருப்பு ஒன்றுகூட அமலியின் அகலமான பாதத்துக்குள் அடங்கவில்லை.

ஜெரால்ட் அவளைத் தனியே அழைத்தார், பர்மிய வழக்கப்படி பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'மா' போட்டு.

"மா அமலி, நீங்க பஸ்லயே இருங்க. தண்ணி, பிஸ்கட்டு எல்லாம் இருக்கு. வெறுங்கால்ல ஊரைச் சுத்துனா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"பஸ்ஸப் பாக்கவா சார் நான் இம்புட்டுத் தூரம் வந்தேன்? பஸ்ஸு நம்மூரு சுலே பகோடா முக்குலயே நிக்குது."

சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு முன்னால் நடந்தாள்.

கொலோசியத்தை அண்ணாந்து பார்த்தாள். பாதி இடிந்த கட்டடம். நம்ம ஊரில் இப்படி இருந்தால் ஆலங்கன்று முளைத்திருக்கும், தகரம் அடித்து மறைத்திருப்பார்கள்; இவர்கள் இடிந்ததையே இராசாவாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். உடைந்த இடத்தை மறைக்காத அந்தக் கட்டடம் அவளுக்குப் பிடித்துப்போனது. அங்கே கூட்டமாகப் படம் எடுத்தபோது ஜெரால்ட் அவளை உயரமான ஆட்களுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினார். படத்தில் அவள் கொண்டை மட்டும் விழுந்தது.

வெயில் ஏறியது. தெருவில் பதித்த கறுப்புக் கற்கள் தோசைக்கல்லாகக் காய்ந்தன. ஆனால் உச்சிவெயிலில் பகோடா முற்றத்தைக் கேரியரோடு கடந்து பழகிய கால்கள் அவை. கறுப்பை விட்டு வெள்ளைக் கல்லாகப் பார்த்து, சுவர் நிழலைப் பிடித்து, மளமளவென்று போனாள். புது ஷூ கடித்த பெண்கள்தான் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார்கள்.

பெரிய நீரூற்று, கல் குதிரைகள், காசு எறியும் கூட்டம். அந்தச் சதுக்கத்து மூலையில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. ஜெரால்ட் ஓடிப்போய், ரோம் என்று எழுதிய ரப்பர் செருப்பு ஒன்றை வாங்கிவந்து அவள் காலடியில் வைத்தார். அளவும் சரியாகத்தான் இருந்தது. காலையில் வைத்திருந்தால் கும்பிட்டு வாங்கியிருப்பாள்.

"போட்டுக்கிட்டுப் படத்துக்கு நில்லுங்க," என்றார். "கோயில் ஹால்ல மாட்டப்போறது."

"என் கால் சுடுதுன்னு வாங்கியாந்தீங்களா சார், இல்ல படத்துக்கா?"

ஜெரால்ட் செருப்பை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"உங்க வெக்கத்துக்கு நான் செருப்பு போட முடியாது."

யாரையும் கேட்காமல் முன்வரிசைக்கு வந்தாள். தமேனைக் கணுக்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு, தூசி படிந்த இரண்டு பாதங்களும் தெரிய நட்டநடுவில் நின்றாள். யாரோ ஒரு வெளியூர்க்காரர் படம் எடுத்துக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் அந்தப் படம் பெரிதாகி ஹாலில் தொங்கியது. அதில் எல்லாரும் முழங்கால் வரைதான் இருந்தார்கள். அமலியின் காலை மறைக்க ஜெரால்ட் படத்தின் அடிப்பகுதியையே வெட்டியிருந்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய ஷூ எங்கே போச்சு என்று பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அமலி சண்டைக்குப் போகவில்லை. கூட வந்த ஒருத்தியின் போனிலிருந்து முழுப் படத்தை வாங்கி, ஹாலில் இருந்ததைவிடப் பெரிதாகப் பிரிண்டு போட்டு, கேரியர் அடுக்கும் பலகைக்கு மேலே மாட்டினாள். வீட்டுக்கே வந்து சாப்பாடு வாங்குகிறவர்களின் கண்ணுக்கு நேராக அந்தப் பாதங்கள்.

ஜெசி இன்னொரு ஜோடி வாங்கிக் கொடுத்தாள். அதே சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை அமலி அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வாசலில் ஜெரால்ட் பளபளக்கும் பூட்ஸோடு நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அமலி அவர் நின்ற படியிலேயே செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்தாள்.

"கொஞ்சம் பாத்துக்கங்க சார்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.