டி. கல்லுப்பட்டிக்கு ஓர் அரபிக் கதையோடு

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காளவாசலில் திருமங்கலம் பஸ் ஏறினேன். அங்கே இறங்கி டி. கல்லுப்பட்டிக்கு வேறு பஸ். மொத்தம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். அரபியில் சொல்ல வேண்டிய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கிறேன். ஓமானிலிருந்து வரும் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள். எனக்கு அரபி சொல்லித்தரும் டீச்சர் சரி என்றால் அந்த வேலை எனக்கு. இன்று தெரிந்துவிடும்.

வாய்க்குள் முணுமுணுத்ததைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, மந்திரமா?"

"அரபிண்ணே."

"அம்புட்டுத் தூரமா? நம்ம பஸ்சு திருமங்கலம் வரைக்குந்தான்."

பயத்திலும் சிரிப்பு வந்தது.

நஸீமா டீச்சர் என்னைவிட இளையவர். அவர் வீட்டு மாடியில்தான் வகுப்பு. புத்தகத்திலும் செய்தியிலும் வருகிற இலக்கிய அரபியைப் பேசியே பழக்குகிறார். படியேறிவிட்டால் தமிழ் கூடாது. கடைசியில் ஒருவர் எழுந்து ஒரு பழங்கதை சொல்ல வேண்டும்.

பத்தரை மணிக்கு என் முறை. ஒட்டகத்தைத் தொலைத்த வணிகனின் கதை. வீட்டில் தினமும் கணவரிடம் சொல்லிப் பார்ப்பேன். வெங்காயம் உரித்தபடியே "ம்... ம்..." என்பார். அவருக்கு ஒரு சொல் புரியாது, எனக்கோ தடங்கலே வராது. இங்கே வணிகன் பாலைவனத்தில் இறங்கியதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு சத்தமில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று அதே வாக்கியத்தை மாற்றிச் சொன்னேன். அப்போதும் சத்தமில்லை. கதையை அங்கேயே நிறுத்திவிட்டேன். முந்தைய இரண்டு முறையும் இப்படித்தான் பாதியில் உட்கார்ந்தேன்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று டீச்சர் அரபியில் கேட்டார். ஆத்திரம் தாளாமல் தமிழில் கொட்டிவிட்டேன்.

"ஒருத்தராச்சும் உம் கொட்டுறீகளா? நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

டீச்சர் வாயில் கைவைத்தார். "யா அல்லாஹ்! ஒங்களக் கொழப்பிறக் கூடாதுன்னு நாந்தான்க்கா எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னேன்!"

அப்புறம் மாடி முழுக்க ஒரே "நஅம்... நஅம்..." அரபியில் ஆமாம். ஒவ்வொரு நஅமுக்கும் என் வணிகன் ஓரடி நடந்தான். ஒட்டகம் கிடைத்தது.

"ஒங்க அரபியில அப்பவும் கொற இல்லக்கா. நீங்க நின்னதப் பாத்து வரலைன்னு நெனச்சுட்டேன். நாளைக்கே ஆஸ்பத்திரில சொல்லிர்றேன்," என்றார் டீச்சர்.

மதியம் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இத்தனை மாதம் எனக்குப் படிப்பு ஏறாது என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். திருமங்கலம் வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஓர் அம்மா கேட்டால் கண்ணில் தூசி என்று சொல்லலாம் என்றிருந்தேன். அவர் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.