சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன் செய்த பெட்டி

அண்ணே, உன்னைப் பேர் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இப்போதும் கூப்பிட மாட்டேன். ஊருக்கு நீ டேப்புக்காரர், எனக்கு அண்ணே. உன் பெட்டியை மாற்றினார்கள், நான் அப்படியே விடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். உன்னைத் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் பாதி வீட்டு ஆண்கள் துபாயிலும் சவுதியிலும் இருந்தார்கள். எழுதத் தெரியாத பெண்கள் புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருத்தியிடம் சொல்லி எழுதவைக்கக் கூசினார்கள். அண்ணன் பஜாரில் ரேடியோ பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. பெண்கள் சந்து வழியாக வந்து பாயில் உட்கார்ந்து மைக்கில் பேசுவார்கள். லீவு முடிந்து போகிறவர் யார் கையிலாவது அந்தக் கேசட் கடல் தாண்டும். துணைக்கு நான் வாசல்படியில் இருப்பேன்.

மைக்குக்கும் டேப்ரெக்கார்டருக்கும் நடுவில் ஒரு மரப்பெட்டி, அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க நாலு திருகு. அண்ணனே செய்தது. பேசுகிறவள் குரல் ஒரு நேரம் கிணற்றுக்குள் போகும், மறு நேரம் அழுகையாக வெடிக்கும். தாழ்ந்தால் கூட்ட வேண்டும், வெடித்தால் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கேசட்டில் கரகரப்புதான் இருக்கும். அதனால் அவன் அறையைவிட்டுப் போக முடியாது; ஆண் எதிரே இருந்தால் பெண்களுக்கு வாய் வராது. திரை கட்டிப் பார்த்தான், குரல் அமுங்கியது. மைக் வயரை நீட்டினால் இரைச்சல் ஏறியது, ஆகவே பெட்டி அவள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். கடைசியில் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டித் திருகினான். அந்தக் கைக்குத் தோதாகப் பெட்டியை அமைத்தான்.

நேரே பார்க்கிறவர்களுக்கு அது தலைகீழாகத் தெரியும். முதலில் வர வேண்டிய திருகு கடைசியில் இருக்கும். கூட்டுகிற பக்கம் திருகினால் குறையும். தடவினாலே தெரியட்டும் என்று ஒன்றுக்குப் பவுடர் டப்பா மூடி, ஒன்றுக்கு மருந்து பாட்டில் மூடி, ஒன்றுக்கு நூல்கட்டை வைத்திருந்தான். நாலாவது மொட்டை.

மஞ்சள் காமாலை அவனை இரண்டு வாரத்தில் கொண்டுபோனது. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள், லீவில் வந்திருந்த மச்சான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர், அறைக்குள் வந்தார். துபாயில் ரேடியோ, டேப் பழுது பார்க்கிற வேலைதான் அவருக்கு.

"என்ன புள்ள இது, பெட்டியா, காயலாங்கடையா?"

"அண்ணன் செஞ்சது மச்சான்."

"செஞ்சது சரி, எல்லாம் தலைகீழால்ல கெடக்கு. பாவம், தெரியாம மாட்டிட்டான்."

"தெரிஞ்சுதான் அண்ணன் மாட்டுச்சு. திரும்பி உக்காந்து திருகுறதுக்கு."

"அவன் ஆம்பள, திரும்பி உக்காந்தான். நீ பொம்பளதானே? நேரா பாத்துச் செய்யி. யாரு வேணாங்குறா?"

எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் கேசட் வாங்கப் பெரம்பலூர் போய்த் திரும்பினேன். அதற்குள் மச்சான் பெட்டியின் முகத்தையே மாற்றியிருந்தார். நாலும் ஒரே மாதிரி, பளபளவென்று கறுப்புத் திருகு. மேலே இங்கிலீஷ் எழுத்து. எல்லாம் சரியான வரிசை.

அடுத்த நாள் பக்கத்துத் தெரு அக்கா வந்தார். புருஷன் வெளிநாடு போய் மூன்று வருஷம். அண்ணன் காலத்தில் அரைமணி நேரம் பேசுவார். சிரிப்பார், ஏசுவார், அழுவார். அன்றைக்கு நான் எதிரே உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நாங்க நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களா. ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்கு." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவ்ளோதான், நிப்பாட்டும்மா."

"என்னக்கா, ஒண்ணுமே பேசல?"

"நீதான் பாக்குறியே. உன் அண்ணன் செவுத்தப் பாத்துக்கிட்டு இருப்பாரு, நான் எங்க வூட்டுக்காரர்கிட்ட பேசுவேன். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு அந்த மனுஷன எப்படி ஏசுறது?"

நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். கையைப் பின்னால் நீட்டினேன். எது எந்தத் திருகு என்று விரலுக்குத் தெரியவில்லை. அவர் அழுதபோது குறைக்கப் போய் இன்னொன்றைக் கூட்டிவிட்டேன். போட்டுக் கேட்டால் தகரத்தைக் கீறுகிற சத்தம். "பொறவு வரேன்" என்று போய்விட்டார்.

வீட்டுக்குப் போய் மச்சானிடம் பழையபடி மாற்றித் தரச் சொன்னேன்.

"ஒரு நாள் பூரா உக்காந்து செஞ்சிருக்கேன். போகப் போகப் பழகிரும்."

"கை பழகும் மச்சான். ஆனா நான் பழக மாட்டேன்."

என் அக்கா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "மச்சான எதுத்தா பேசுற? செத்தவனோட வாயும் சேந்து உனக்கு வந்துருச்சா?"

"வந்துருச்சுன்னே வச்சுக்க."

நானே திருப்புளியை எடுத்தேன். அண்ணன் ஈயம் வைத்து வயரைப் பத்தவைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்ததுதான் என் படிப்பு. இரண்டு நாள் ஆனது, இரண்டு விரல் வெந்தது. பவுடர் மூடியும் நூல்கட்டையும் குப்பையில் கிடைத்தன. மருந்து மூடி கிடைக்கவில்லை. அண்ணன் கடைசியாகக் குடித்த காமாலை மருந்தின் பாட்டில் மாடத்தில் இருந்தது. அதன் மூடியை மாட்டினேன். மச்சான் கொண்டுவந்த ஹெட்போனை மட்டும் வைத்துக்கொண்டேன். நல்ல சாமான். நல்லதை வேண்டாம் என்கிற பைத்தியமில்லை நான். ஆனால் என் அண்ணன் வேலை தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. மச்சான் முறுக்கிக்கொண்டே துபாய்க்கு விமானம் ஏறினார். ஏறட்டும்.

பக்கத்துத் தெரு அக்கா மறுபடி வந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுண்ணாம்பில் அவன் நெற்றி பட்ட எண்ணெய்க் கறை என் கண்ணுக்கு நேரே இருந்தது. அவர் அரைமணி நேரம் புருஷனை ஏசித் தீர்த்தார், அழுதார். என் கை பின்னால் தானாகத் திருகியது. முடிக்கும்போது அவர் மைக்கில் சொன்னார்: "இந்தப் பெட்டி செஞ்ச புள்ள மௌத்தாயிட்டாரு. எனக்குத் தனியா அழ ஒரு எடம் குடுத்த புள்ள. நீங்க அங்க தொழுவும்போது அவருக்கும் சேத்துக் கேளுங்க."

இதைப் படிக்கிற உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் சரி, என் அண்ணனுக்காக ஒரு தடவை கையேந்துங்கள்.