ஆறுமுகத்தாய் சொன்ன சாவுச் செய்தி

1977-ல் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் படம் எடுக்க வந்தார் இயக்குநர் பரந்தாமன். காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கூட்டக் காட்சிக்குக் கூப்பிட்டார். ஆறுமுகத்தாயும் போனாள். அவள் கணவன் மூக்காண்டி அப்போது இளையரசனேந்தலில் கிணறு வெட்டப் போயிருந்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் படக் கம்பெனி ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து, கிணறு சரிந்து மூக்காண்டி மண்ணுக்குள் போய்விட்டான் என்றான். கரிசலில் விழுந்து புரண்டு கதறினாள் ஆறுமுகத்தாய். எழுந்து ரோட்டைப் பார்த்து ஓடினாள். அரை மைல் தள்ளி ஜீப் வந்து மறித்த பிறகுதான் அது படத்துக்காகச் சொன்ன பொய், அழுததையெல்லாம் கேமராவில் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. நிஜ அழுகைக்காகப் பரந்தாமன் எதுவும் செய்வார் என்று பத்திரிகைகளில் பாதிப் பேர் புகழ்ந்தார்கள், பாதிப் பேர் ஏசினார்கள்.

படம் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது மூக்காண்டி போய்ப் பார்த்தான். தன் சாவுக்குப் பெண்டாட்டி மாரடிப்பதைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தவன், இரண்டு நாள் அவள் கையால் சோறு வாங்கவில்லை. மூன்று வருஷம் கழித்து மஞ்சள்காமாலையில் நிஜமாகவே செத்தான். உயிரோடு இருந்தவனுக்கு ஒப்பாரி வைத்தவள் அல்லவா என்று மாமியார் வீடுவீடாகச் சொன்னாள். எழவுக்கு வந்த பெண்கள், படத்தில் அழுததைப் போல அழுகிறாளா என்று ஆறுமுகத்தாயின் வாயையே பார்த்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிவரை அழவில்லை. பரந்தாமனைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் நினைத்தாள்.

1986-ல் பரந்தாமனைப் பற்றி ஆவணப்படம் எடுக்க சௌந்தரபாண்டியன் என்பவர் மெட்ராஸிலிருந்து வந்தார். பழைய இடத்திலேயே வைத்துப் பேட்டி. அந்தம்மாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று ஆள் அனுப்பினார். ஆறுமுகத்தாய் உடனே சம்மதித்தாள். முந்தின நாளே படக்குழுவின் ஜீப் டிரைவர் மைதீன் பாட்சாவிடம் பேச்சுக் கொடுத்தாள். பரந்தாமனுக்கு ஒரே மகள், பேர் பவானி, மெட்ராஸில் காலேஜ் படிக்கிறாள் என்று அவர் சொன்னார்.

மறுநாள் வேண்டுமென்றே தாமதமாகப் போனாள். அந்தப் பொய்யைப் பற்றித்தான் சௌந்தரபாண்டியன் கேட்டுக்கொண்டிருந்தார். பரந்தாமன் சிரித்தபடி, அந்தம்மாவுக்கே அதில் பெருமைதான், கேட்டுப் பாருங்கள் என்றார். கேமரா அவள் பக்கம் திரும்பியது.

"ஐயா, பேட்டி கெடக்கட்டும். ரோட்டுல உங்க லாட்ஜ் ஆளைப் பாத்தேன். மெட்ராஸ்ல இருந்து போன் வந்துச்சாம். உங்க மக பவானி பஸ்ல அடிபட்டுட்டாளாம். உசுரு இல்லையாம்."

பரந்தாமன் துள்ளி எழுந்தார். மைக் வயர் காலில் சுற்றிக் கீழே விழுந்தார். பிறகு மகள் பேரைச் சொல்லிக் கத்தினார். கேமராக்காரர் நிறுத்தவில்லை. ஆறுமுகத்தாய் கண் எடுக்காமல் பார்த்தாள். அவர் ஜீப் கதவைப் பிடிக்கும் வரை பொறுத்தாள்.

"நில்லுங்க. உங்க மக நல்லா இருக்கா. சும்மா சொன்னேன்."

அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மைதீன் பாட்சா குறுக்கே நின்றார். ஆனாலும் பரந்தாமனால் நம்ப முடியவில்லை. சங்கரன்கோவில் தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் போட்டு, மகள் குரலைக் கேட்க இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தாராம். அந்த இரண்டு மணி நேரத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. கேள்விப்பட்டபோது மனசு குளிர்ந்துபோயிற்று.

அதைப் படத்தில் சேர்க்கலாமா என்று சௌந்தரபாண்டியன் கேட்டார். தாராளமாகச் சேருங்கள் என்றாள். பரந்தாமன் கோர்ட்டுக்குப் போவதாக மிரட்டியதில் கடைசியில் அது வெட்டுப்பட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று.

தங்கச்சி அன்னக்கிளிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு பாவமும் அறியாத பிள்ளையைச் சாகடித்துப் பேசலாமா என்று சண்டை பிடித்தாள்.

"பிள்ளை மேல எனக்கு என்ன கோவம்? அவளுக்காக அம்மனுக்கு மாவிளக்குப் போடுதேன். அவ அப்பனுக்காக ஒரு கும்பிடுகூடக் கிடையாது" என்றாள் ஆறுமுகத்தாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய், கோமதியம்மன் சன்னதியில் பவானி பேருக்கு மாவிளக்கு ஏற்றினாள். திரி எரிந்து முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.