களத்தில் போட்ட நாலு கட்டம்

அடுத்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதா? இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவளைப் பிடித்து, பத்திரிகைக்கு மறக்க முடியாத அனுபவம் சொல்லு என்று நச்சரிக்கிறீர்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள். நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுப் பெண் எழுதுகிறாள். நடுவே எங்காவது நல்ல தமிழ் வந்தால் அது அவள் வேலை, என் மேல் பழி போடாதீர்கள்.

போன வருஷம் குறுவை அறுப்பு முடிந்த சமயம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் சின்ன மகன் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் பெண்டாட்டி பெண் குழந்தையை வைத்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள். பெரிய மகனும் அதே வீடு. டிவியைக்கூடச் சத்தம் குறைத்துத்தான் வைப்போம். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும், அதனால் நான் மட்டும் எதையாவது சொல்லிக் கிண்டிக்கொண்டே இருப்பேன். ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்.

சின்ன மருமகள் கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் படித்தவள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைக்கிற வேலைக்கு நெட்வொர்க்கிங் என்று பெயராம். அதில் ஒரு பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கினால் திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். போனில் பாடம் கேட்டுப் படித்தாள். மற்றதெல்லாம் ஏறியது, கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கிற நம்பர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கிற சப்நெட்டிங் என்ற ஒன்று மட்டும் மண்டையில் ஏறவில்லை. தாளில் போட்டுப் போட்டுக் கசக்கி எறிந்தாள். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் நெல் காயவைக்கிற சிமெண்ட் களத்தில் சாக்பீஸால் போட ஆரம்பித்தாள். பெரிதாக ஒரு கட்டம். அதைப் பாதியாக வெட்டுவாள். பாதியை மறுபடி பாதியாக வெட்டுவாள். மூலைக்கு மூலை நம்பர்.

"ஏண்டி, பாண்டி ஆடப் போறியா? சொல்லு, நானும் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வர்றேன்" என்றேன்.

அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இல்லத்தை. மொத்தம் இருநூத்தி அம்பத்தாறு நம்பர். நாலா பிரிச்சா ஒரு கூட்டத்துக்கு அறுபத்து நாலு. ஆனா ஒவ்வொண்ணுலயும் முதல் நம்பரையும் கடைசி நம்பரையும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் குடுக்கக் கூடாது. முதல் நம்பர் அந்தக் கூட்டத்துக்கே பேரு. கடைசி நம்பர் எல்லாரையும் ஒண்ணா கூப்புடறதுக்கு."

"அப்ப வெட்ட வெட்ட நட்டம்னு சொல்லு."

"ஆமாத்தை, அதேதான்."

என்னிடம் சொல்லப் போய் அவளுக்கே விளங்கிவிட்டதோ என்னவோ, அதற்குப் பிறகு கோட்டை அழித்து அழித்துப் போடவில்லை.

மறுநாள் திருச்சியில் பரீட்சை என்று இருந்த சாயங்காலம், பெரியவன் கொல்லைப் பக்கமாக வந்தான். களத்தைப் பார்த்தான். சமமாக நாலு கட்டம். மேலே இருநூற்று ஐம்பத்தாறு. மூலைகளில் அறுபத்து நாலு, நூற்று இருபத்தெட்டு, நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. ஒரு கட்டத்தில் மட்டும் சிவப்பு சாக்பீஸ் பூசியிருந்தது.

எங்களுக்குச் சொந்தம் என்று இருப்பது ரெண்டரை மா. எங்கள் பக்கம் நூறு குழி சேர்ந்தது ஒரு மா. ரெண்டரை மா என்றால் இருநூற்று ஐம்பது குழி. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு பங்குக்காரர்களும் நாலு பேர்தான்: நான், பெரியவன், செத்துப்போன சின்னவன், கட்டிக்கொடுத்த மகள். பெரியவனுக்கு வேறு என்ன தோன்றும்? நேரே போய் என் தம்பியையும் தெருவில் இரண்டு பெரிய மனுஷர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"பாருங்க மாமா. தம்பி போயி ஒரு வருசம்தான் ஆச்சு, அதுக்குள்ள குழிக் கணக்கு போட்டுட்டா. அவ பங்க செவப்புல அடிச்சு வச்சிருக்கா. மொத்தத்துலயும் ஆறு குழி கூடப் போட்டிருக்கா!"

"இது பரீட்சைக்கு அத்தான், செவப்பு இன்னைக்குப் போட்ட கணக்கு" என்றாள் அவள்.

"கம்ப்யூட்டர் படிக்கிறவளுக்குக் களத்துல என்ன வேலை? நாளைக்குத் திருச்சிக்கு வக்கீலப் பாக்கத்தான போற? பேசி முடிக்கிற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது."

அவள் கூட்டம், நம்பர் என்று என்னென்னவோ விளக்கினாள். ஒருத்தருக்கும் புரியவில்லை. அந்தப் பரீட்சை போனால் அந்த வேலையும் போகும் என்பது எனக்குத் தெரியும்.

நான் கட்டத்துக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"ஏண்டா, இது நம்ம நெலம்னா வாய்க்கா எங்கடா? மூணாவது பங்குக்குத் தண்ணி எதுல வரும்? நடவாளு வானத்துலேருந்து குதிச்சு எறங்குவாளா? பாதையும் இல்லாம, வடிகாலும் இல்லாம எவண்டா நெலத்தப் பிரிப்பான்?"

என் தம்பி குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தான். "ஆமா மாப்ள, ஒரு மடை கூடக் காணுமே" என்றான். தெருக்காரர்களில் ஒருத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போனான். எல்லோரும் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். பெரிதாக ஜெயித்துவிட்ட மாதிரி எனக்கு ஒரே மப்பு.

அவள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் களத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அத்தை, நான் நெசமாவே பங்குதான் பிரிச்சுப் பாத்திருந்தா, நாளைக்கு என்னைப் போக விட்டிருப்பீங்களா?"

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நானும் தேய்த்தேன்.

பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டாள். தீபாவளிக்கு வந்தவள் பையைக்கூடப் பிரிக்காமல், விருந்தாளி மாதிரி ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். பெரியவன் இப்போது அடிக்கடி போன் போட்டுக் கூப்பிடுகிறான். லீவு இல்லை அத்தான் என்கிறாள். மரியாதைக்கு ஒரு குறையும் வைப்பதில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தெருவில் சும்மா இருப்பார்களா? பங்கு கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டுதானே போனாள் என்று குழாயடியில் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள். நான் என்ன சொன்னாலும் விளையாட்டு என்று எடுத்துக்கொள்கிறவர்கள், இதற்கும் சிரிக்கத் தயாராகத்தான் நின்றார்கள். நான் சொன்னேன்:

"கேக்காமப் போயிட்டாடி. கேட்டிருந்தா, சண்டை போட்டுக்கிட்டாவது இங்கயே இருந்திருப்பா."